இல்லமே முதற் கோவில்

“தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது நம் நாட்டுத் தாய்மார் வாயில் நாளும் புழங்கும் பழமொழி. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச எடுத்தவர் எவரும் இதனைச் சொல்லாது விடுவதில்லை. ஆயினும் பெரும்பாலும் இஃது ஓர் எச்சரிக்கையாகவே சொல்லப்படுகின்றது. தீய பழக்கம் இளமையிற் படிந்துவிட்டால் பின்னர் நீங்காது என்று அஞ்சுகின்றோம். நல்ல பழக்கமும் அவ்வாறே நீங்காது நிலைக்கும் என்பதை எண்ணி ஆறுதல் கொள்வோர் சிலரே. வன்னி நிலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை இந்த இரண்டாவது உண்மைக்கே சான்றாக நிற்கின்றது. அக்கதையை நம் பிள்ளைகள் அறிவார்களா என்பதே என் கவலை.

இன்றைய பெற்றாரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. எழுத்தறிவைப் பள்ளிக்கூடம் கொடுக்கும். கணக்கையும் ஆங்கிலத்தையும் ரியூசன் வகுப்புக் கொடுக்கும். பக்தியையும் ஒழுக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக் கொடுக்கும். சோறும் உடையும் கொடுப்பதோடு எங்கள் கடமை முடிந்தது என்பதே அவ்வெண்ணம். முதலிரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றாவதில் உண்மை இல்லை. ஒரு வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள். அவற்றுள் பூசைக்கு ஒன்று, மறைக்கல்விக்கு ஒன்று என்று கழித்தால் மிகுதி 166. அந்த 166 மணித்தியாலத்திலும் வீட்டிலே காணாத ஒன்றை, இரண்டு மணித்தியாலத்திலே கோவிலிற் கற்றுக்கொள்ளும் பிள்ளை எங்கே இருக்கின்றது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டிலே, குடும்பத்தை இல்லத் திருச்சபை என்னும் கருத்திற் குறிப்பிட்டு, பெற்றாரே தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதற் போதகர் என்று கற்பித்தது. உலகம் அதனைப் புதுமையான சொல்லாகப் போற்றிற்று. ஆனால் அதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்னரே, ஏடு எதனையும் படித்தறியாத எளிய மக்கள் நம் வன்னிக் காட்டிலே அதனை வாழ்ந்து காட்டிவிட்டனர்.

குருவில்லாத 29 ஆண்டுகள்

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். குருமாருக்கு இடங்கொடுப்பது பெருங் குற்றமாயிற்று. கோவில்கள் கைமாறின. பகிரங்கமாகக் கூடிச் செபிப்பதற்கும் இடமில்லாமற் போயிற்று. அக்காலத்திலேதான், ஏறக்குறைய 1670இல், மாந்தையைச் சேர்ந்த 20 குடும்பங்கள் தங்கள் கோவிலிலிருந்த மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளே புகுந்தன என்றும், யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்த 700 பேரளவினர் அவர்களோடு சேர்ந்துகொண்டனர் என்றும் மரபு கூறுகின்றது. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. இன்று இனமத பேதமின்றி இலட்சக்கணக்கானோர் ஆவணி மாதத்திற் கூடுகின்ற மடுத்திருப்பதி, அகதிக் குடும்பங்கள் சில காட்டு மரத்தடியிலே வைத்த விளக்கிலிருந்து வளர்ந்தது.

1687ஆம் ஆண்டில் கோவையைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார் கூலியாளைப்போல வேடம் பூண்டு இலங்கைக் கரையில் இறங்கினார். கோவை என்றது தமிழ்நாட்டுக் கோயம்புத்தூரை அன்று. மேற்குக் கரையிலுள்ள கோவா நாட்டை. கத்தோலிக்கர் எந்த வீட்டில் இருக்கின்றனர் என்று வாய்விட்டுக் கேட்பதும் ஆபத்தான காலம். ஆதலால் அவர் செபமாலையைக் கழுத்திலே அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுத் திரிந்தார் என்பர். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவரே நம்மவர் என்று அறிந்துகொண்டாராம்.

இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் அடிகளாரின் துணிவை வியக்கின்றோம். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவருக்குப் புனிதர் பட்டம் அளித்து, அன்று பின்னேரமே மடுவுக்கும் வந்து செபித்தபோது அத்துணிவையே உலகமெல்லாம் போற்றிற்று. அது தக்கதே. ஆனால் கதையின் மற்றப் பாதியை நாம் எண்ணுவதில்லை. 1658இற் பிறந்த குழந்தைக்கு 1687இல் 29 வயது. அவ்வயதுவரை அது குருவானவர் ஒருவரின் போதனையைக் கேட்டு வளர்ந்திருக்க இயலாது. பகிரங்கமான கோவிற் பள்ளியிலே இருந்திருக்கவும் இயலாது. அப்படியானால் கழுத்திலே தொங்கிய செபமாலையைக் கண்டதும் அதன் முகம் மலர்ந்தது எப்படி? அதற்கு அம்மணிகளை அறிவித்தவர் யார்? வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலிலே செபம் சொல்லிக் கொடுத்த ஒரு தாய், அல்லது தந்தை, அல்லது பாட்டி. அடிகளார் விதைக்க வரவில்லை. பெற்றார் விதைத்து வைத்த வயலுக்கு நீர் பாய்ச்ச வந்தார் என்றே சொல்ல வேண்டும்.

இத்தகைய செய்தி நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. யப்பான் தேசத்தில் 1614இற் கிறிஸ்தவம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 1865ஆம் ஆண்டு பங்குனி மாதம் நாகசாகி நகரிற் புதிதாகக் கட்டப்பட்ட கோவிலுக்கு ஏழைக் குடியானவர் சிலர் வந்து, அங்கிருந்த பிரெஞ்சுக் குருவானவரிடம் தாங்களும் அவருடைய விசுவாசத்தையே உடையவர்கள் என்று மெதுவாகத் தெரிவித்தனர். இரண்டரை நூற்றாண்டாக வீட்டுக்குள்ளே, பெற்றார் வாயிலிருந்து பிள்ளை செவிக்கு அது கடந்து வந்திருந்தது. ஆலயத்தை இடிக்கலாம், குருவை நாடு கடத்தலாம், இல்லத்திலே மூட்டிய நெருப்பை அணைப்பது மிகக் கடினம்.

பதுங்கு குழியிற் கற்ற பாடம்

பழங்கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாதபடி நம் காலத்திலும் அது மீண்டும் நடந்தேறியது. 1990 முதல் மடுக் கோவில் வளவு ஆயிரக்கணக்கான அகதிகளின் குடியிருப்பாயிற்று. அடைக்கலம் என்று நம்பியிருந்த அவ்விடத்திலேயே 1999 நவம்பர் 20ஆந் திகதி எறிகணை வீழ்ந்து, சிறுவர் உட்பட 40 பேரளவில் மாண்டனர். 2008 ஏப்பிரலில் மாதாவின் திருவுருவமே மடுவைவிட்டுத் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆவணி மாதத்திலே திரும்பியது. 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் யாவும் முடிந்தபோது, உயிரோடு எஞ்சிய இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களிற் கம்பிவேலிக்குள் இருந்தனர். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரிலேதான் மூடப்பட்டது.

அந்த ஆண்டுகளில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளிற் பூசை இல்லை, மறைக்கல்வி இல்லை, புத்தகம் இல்லை. ஆனால் செபம் இருந்தது. என் அம்மம்மா முல்லைத்தீவுக் கடற்கரைப் பகுதியைச் சேர்ந்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு மேல் அவருக்குப் படிப்பில்லை. ஆயினும் பிள்ளை வளர்ப்பில் அவர் கையாண்ட முறைகளை இன்று எண்ணிப் பார்க்கும்போது, அவற்றுள் ஒன்றாவது தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் விளக்கேற்றியதும் செபமாலை தொடங்கும். ஒவ்வொரு பத்து மணியையும் ஒவ்வொரு பிள்ளை முன்னின்று சொல்ல வேண்டும். கடைக்குட்டிக்கும் அதில் ஒரு பங்குண்டு. தான் வழிநடத்தும் செபத்திலே பிள்ளை தூங்குவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். செபம் தொடங்குமுன் அன்று சண்டையிட்டவர்கள் சமாதானமாக வேண்டும். “கோபத்தோடை முழந்தாளிலை நிண்டால் முழங்கால்தான் நோகும், செபம் மேலை போகாது” என்பார். பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருபவன் முதலிற் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் மலையிலே கற்பித்ததை அவர் விரித்துரைத்ததில்லை. பேரப்பிள்ளைகள் மாலைதோறும் அதனைச் செய்யும்படி வைத்தார்; அவ்வளவே. பின்னர் விமானம் இரைந்து நாங்கள் பதுங்கு குழிக்குள் ஒடுங்கியபோதும், அவர் முதலிற் கேட்டது, “ஆர் ஆரோடை கோபம்?” என்பதே. இருட்டுக்குள்ளே ஒருவர் கையை மற்றவர் பற்றிக்கொள்வோம். மணிகள் நகரும்.

பிடியரிசி

இன்னொன்று பிடியரிசி. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்து வேறொரு பானையிற் போடுவது நம் பெண்களின் பழைய வழக்கம். சைவர் வீடுகளிலும் அதுண்டு. வேதக்காரர் வீடுகளிலும் உண்டு. மாத முடிவில் அவ்வரிசி கோவிலுக்கோ ஏழைகளுக்கோ போகும். அம்மம்மா அந்தப் பிடியைத் தாம் எடுப்பதில்லை. பிள்ளைகளின் கையாலேயே எடுப்பிப்பார். சிறு பிள்ளையின் பிடி சிறியது என்பதற்காக அன்று. கொடுப்பது எப்படியிருக்கும் என்று அக்கை அறியவேண்டும் என்பதற்காக.

முகாமிலே நிவாரண அரிசி கிடைத்த நாட்களில் அம்மா இதனைக் கைவிடுவார் என்று எண்ணினோம். அவர் ஒரு பால்மாப் பேணியை எடுத்துக் கழுவி வைத்தார். அதற்குள் நாளொரு பிடி வீழ்ந்தது. பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இரண்டு குழந்தைகளோடு தனித்திருந்த ஓர் இளந்தாய்க்கு அது போயிற்று. நாமே பிறர் கொடுப்பதைத் தின்று வாழும்போது பிறருக்குக் கொடுக்க என்ன இருக்கின்றது என்று கேட்டதற்கு, கொடுக்க ஏதுமில்லாதவன் என்று எவனும் இல்லை என்பதுபோலச் சிரித்தார். ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியிலே இட்ட இரண்டு காசுகளைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் பல. அந்தப் பால்மாப் பேணியின் ஒலியே எனக்கு நினைவில் நிற்கின்றது.

கொடுத்துப் பழகாத பிள்ளைக்குக் கொடையைப் பற்றிப் போதிப்பது, நீந்தாத பிள்ளைக்குக் கரையிலிருந்து நீச்சல் சொல்லிக் கொடுப்பதை ஒக்கும். இன்று வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டிலும், நுண்கடனுக்கு வாரந்தோறும் தவணை கட்டும் வீட்டிலும் பிள்ளைக்கு உள்ளதைப் பகிரும் பழக்கத்தை ஊட்டலாம். அதற்கு வேண்டியது செல்வம் அன்று, ஒரு பேணி.

வானத்திலிருப்பவர் தந்தையா?

இவையெல்லாம் எளியவை. வன்னியிலே கிறிஸ்தவப் பெற்றாருக்கு மிகக் கடினமான இடம் வேறொன்று. கடவுளைத் தந்தை என்று அழைக்கவும், தீமை செய்தவர்களை மன்னிக்கவும் ஆண்டவர் தம் சீடருக்குச் செபம் கற்பித்தார். அச்செபத்தை நாளும் சொல்கின்றோம். தந்தை காணாமற் போன வீட்டிலே, கிபிர் விமானத்துக்கு அஞ்சி வானத்தை அண்ணாந்து பார்த்து நடுங்கியவர்கள் தம் பிள்ளைகளுக்கு இதனை எவ்வாறு கற்பிப்பது?

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பொய் சொன்னாற் சாமி கண்ணைக் குத்தும் என்று பிள்ளைகளை வெருட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. கிறிஸ்தவ வீடுகளிலும் அது நுழைந்திருக்கின்றது. மேலிருந்து வந்தவற்றுக்கு இவ்வளவு அஞ்சிய ஒரு நிலத்திலே, அஞ்சுவதற்கு மேலே இன்னொருவரையும் பிள்ளைக்குக் காட்டுவது நியாயமா? வழிதவறிய மகன் தொலைவில் வரும்போதே ஓடிச்சென்று கட்டித் தழுவிய தந்தையைப் பற்றி ஆண்டவர் சொன்ன கதையே நம் வீடுகளில் முதலிற் சொல்லப்பட வேண்டிய கதை. பயத்தினால் வந்த பக்தி பயம் நீங்கியதும் போய்விடும்.

2012ஆம் ஆண்டளவிலே, மீள்குடியேறிய கிராமமொன்றில் நான் அறிந்த ஒரு குடும்பம். தந்தை 2009இற் காணாமற் போனவர். ஒன்பது வயது மகள் ஒருநாள் மாலைச் செபத்தின் நடுவே நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“அம்மா, அப்பாவைக் கொண்டுபோன ஆக்களையும் நாங்கள் மன்னிக்கோணுமோ?”

தாய் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: “இண்டைக்கு உன்னாலை ஏலாதெண்டால், ஏலாதெண்டு ஆண்டவரிட்டைச் சொல்லு, பிள்ளை. அவர் கோவிக்கமாட்டார். மனதிலை இல்லாததை வாயாலை மட்டும் சொல்லாதை.”

அன்று முதல் அச்சிறுமி அந்த இடம் வந்ததும் மௌனமாகி, மற்றவர்கள் அதனைச் சொல்லி முடித்ததும் தானும் சேர்ந்துகொள்வாள். தாய் அவளைக் கண்டிக்கவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. ஆனால் செபத்தைச் சொல்லாமலும் விடவில்லை. வாசல் நாள்தோறும் திறந்திருந்தது. உள்ளே நுழையும் நாளைப் பிள்ளையே தெரிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தார். இன்று அவள் இளம்பெண். ஞாயிறுதோறும் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பிக்கின்றாள். மன்னித்துவிட்டாயா என்று நான் அவளைக் கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் கடவுளுக்கு முன் பொய் சொல்லாது வளர்ந்த பிள்ளை என்பதை அவள் முகத்திலே காண்கின்றேன்.

மன்னிப்பு என்பது மறதி அன்று. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் கைகளிலும் விலாவிலும் இருந்த காயங்களை மறைக்கவில்லை. தோமையாருக்கு அவற்றைக் காட்டினார். மகிமை பெற்ற உடலிலும் காயம் இருந்தது, பகை இருக்கவில்லை. இதனைவிடத் தெளிவாக நம் பிள்ளைகளுக்கு வேறு எதனைக் காட்டலாம்? வைகாசி 18ஆந் திகதி வீட்டிலே உப்பும் அரிசியும் மாத்திரம் இட்டுக் கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளோடு அமர்ந்து பருகுவதும், அக்கஞ்சியை உண்டு உயிர் பிழைத்த கதையைச் சொல்வதும், மாண்டவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைத்துச் செபிப்பதும் பகையை வளர்ப்பன அல்ல. பகை வளர்வது உண்மை மறைக்கப்படும் வீட்டிலேதான்.

உண்மையைத் தேடுவதும் விசுவாசத்தின் ஒரு பகுதியே. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 சனவரியிலே, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரிற் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்களின் தொகையையும், பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தவர்களின் தொகையையும் ஒப்பிட்டு, மிகுதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். 2021 ஏப்பிரல் முதலாந் திகதி அவர் மறைந்தார், கேள்வி மறையவில்லை. 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியிலே தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டமும் அக்கேள்வியின் தொடர்ச்சியே. நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததைக் கண்டு தேடிப் புறப்பட்ட மேய்ப்பனின் உவமையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இத்தாய்மாரையும் சுட்டிக் காட்டலாம். எண்ணிப் பார்ப்பவரே அன்பு செய்பவர்.

நினைவும் ஒரு முதுசொம்

கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரணைதீவு மக்கள் 1992இல் தம் தீவைவிட்டு இடம்பெயர்ந்து, பெருநிலத்திலே முழங்காவிற் பகுதியில் இரணைமாதா நகரிற் குடியேறினர். போர் முடிந்த பின்னரும் அவர்கள் தீவிலே திரும்பிக் குடியேற இயலவில்லை. அங்கே கடற்படை இருந்தது. 2017 மே மாதத்திலே போராட்டம் தொடங்கி, ஓராண்டளவு பொறுத்திருந்து, 2018 ஏப்பிரல் 23ஆந் திகதி வெள்ளைக் கொடிகளைக் கட்டிய படகுகளிலே தாமாகவே சென்று தீவில் இறங்கினர். சிதைந்திருந்த தம் கோவிலிற் கூடிச் செபித்தனர். கல்லெறியவுமில்லை, கைகலக்கவுமில்லை. பின்னர் அவர்கள் தங்கியிருப்பதற்கு இணக்கம் கிடைத்தது.

அப்படகுகளிற் சென்றவர் யாவரும் அத்தீவில் வாழ்ந்தவர் அல்லர். 26 ஆண்டுகள் சென்றுவிட்டன. இடம்பெயர்ந்த பின் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டனர். தாம் வாழ்ந்தறியாத ஊரை, தாம் ஞானஸ்நானம் பெறாத கோவிலைத் தமது என்று அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடியவர்களின் பிள்ளைகள் அறிந்தவாறே. வீட்டிலே பெற்றார் சொல்லிக் கொடுத்தனர். காணாத ஊரின்மேல் அன்பை ஊட்ட முடியுமென்றால், காணாத கடவுளின்மேல் அன்பை ஊட்டவும் அவ்வில்லத்தால் முடியும்.

இன்று செய்யத்தக்கவை

எறிகணை நின்றுவிட்டது. ஆனால் இல்லச் செபத்துக்கு அன்றில்லாத இடையூறுகள் இன்று வந்துள்ளன. 2020இலும் 2021இலும் பள்ளிகள் மூடியிருந்தபோது படிப்புக்காகப் பிள்ளைகளின் கையிலே வந்த கைத்தொலைபேசி பள்ளிகள் திறந்த பின்னரும் கையைவிட்டு இறங்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை என்று ஞாயிறு காலையையும் ரியூசனுக்குக் கொடுத்துவிடுகின்றோம். கல்வியை நான் குறைத்துப் பேசவில்லை. யாவற்றையும் இழந்த நம் மக்களுக்கு எஞ்சிய முதல் அதுவே. ஆனால் படித்து உயர்ந்த பிள்ளை பெற்றாரைத் திரும்பிப் பார்க்காவிடின் அக்கல்வியால் ஆவதென்ன?

மாலையிலே 15 நிமிடம் போதும். அந்நேரத்திற் பெற்றாரின் தொலைபேசியும் பிள்ளைகளின் தொலைபேசியும் ஒரே பெட்டிக்குள் உறங்கட்டும். கத்தோலிக்க வீட்டில் ஒரு பத்து மணிச் செபமாலையோ, தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த வீடுகளில் வேதாகமத்தில் ஓர் அதிகாரமோ, அவரவர் வழக்கப்படி அமையட்டும். பிள்ளையே வாசிக்கட்டும், பிள்ளையே அன்றைய நாளுக்காக நன்றி சொல்லட்டும். நீண்ட செபத்தினால் பிள்ளையைக் களைக்கச் செய்வதிலும், நாள் தவறாத சிறு செபத்தினால் பழக்குவது மேல்.

செபம் முடிந்த பின்னரே உண்மையான மறைக்கல்வி தொடங்குகின்றது. கடன்காரர் வாசலில் வரும்போது “அப்பா வீட்டிலை இல்லையெண்டு சொல்லு” என்று பிள்ளையை அனுப்பும் தந்தை, ஓராண்டு மறைக்கல்வியை ஒரு நொடியில் அழித்துவிடுகின்றார். மதுவருந்திவிட்டு வந்து தாயை ஏசுபவர் செபத்துக்கு முழந்தாளிடும்போது பிள்ளைகள் தரையைப் பார்க்கின்றனர். மாறாக, பிழை செய்துவிட்டுப் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்கும் தந்தை தம் மதிப்பை இழப்பதில்லை. மன்னிப்புக் கேட்பது எப்படி என்பதைப் பிள்ளை வேறெங்கே காணும்?

இன்னொன்று அயலவரோடு வாழ்தல். வன்னியிலே நம்மிற் பலருக்கு அடுத்த வளவு சைவர் வளவு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு அவர்கள் செல்லும்போது வாழ்த்தி அனுப்பவும், மடுவுக்கு அவர்கள் நேர்த்திக்கடனோடு வரும்போது பாய் விரித்து இடங்கொடுக்கவும் நம் பெரியோர் அறிந்திருந்தனர். கம்பிவேலிக்குள்ளே பிடியரிசி யார் வீட்டுக்குப் போயிற்று என்பதைச் சமயம் தீர்மானிக்கவில்லை. தன் விசுவாசத்தில் உறுதியும் பிறர் விசுவாசத்தில் மரியாதையும் ஒரே உள்ளத்தில் வாழலாம் என்பதை வீட்டுப் பேச்சினாலேயே பிள்ளை கற்கின்றது. அயலவர் வழிபாட்டை எள்ளி நகைக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை நல்ல சமாரியனின் உவமையை ஒருநாளும் விளங்கிக்கொள்ளாது.

இவற்றையெல்லாம் செய்தாலும் நம் பிள்ளைகள் யாவரும் நாம் விரும்பியவாறே அமைவர் என்று உறுதி கூற இயலாது. மகன் மனந்திரும்ப வேண்டி அகுஸ்தீனாரின் தாய் மோனிக்காம்மாள் பல்லாண்டுகள் கண்ணீர் சிந்த நேர்ந்தது. பிள்ளைகள் வயல் அல்லர்; அவர்களுக்கு விருப்பம் உண்டு; விலகிச் செல்லும் உரிமையும் உண்டு. ஆனால் விலகிச் சென்றவன் என்றாவது ஒருநாள் திரும்பி வர எண்ணினால், அவனுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். இளமையில் வீட்டிலே கேட்ட செபமே அவ்வழி.

தாய்மாரே, தந்தைமாரே! நாளை என்ன வரும் என்பதை இந்நிலத்தில் வாழும் நாம் உறுதியாகச் சொல்லத் துணிவதில்லை. கோவில் ஓடு பறந்ததையும், பள்ளிக்கூடம் சுவரின்றி நின்றதையும் நம் கண்களே கண்டன. பிள்ளைகள் நாளை கனடாவிலோ கொழும்பிலோ, எவரும் தமிழிற் செபிக்காத ஓர் ஊரிலோ வாழ நேரலாம். அங்கே அவர்களோடு நாம் செல்ல முடியாது; பங்குத்தந்தையும் செல்ல முடியாது. நாம் சொல்லிக் கொடுத்தது செல்லும். இன்று மாலை விளக்கேற்றியதும் அவர்களை அழையுங்கள். முதலில், யார் யாரோடு கோபம் என்று கேளுங்கள்.